எது முதலில் தேய வேண்டும்

பெட்ரோல் எஞ்சினுக்கு நிற்கத் தெரியாது. நிமிடத்துக்கு 800 சுற்றுகளை விட்டுக் கீழே இறங்கினால் தடுமாறும்; இன்னும் இறங்கினால் அணைந்துபோகும். சக்கரத்துக்கோ நிற்காமல் முடியாது. சிக்னல் வரும், குறுக்கே மாடு வரும், கடைசியில் வீட்டு வாசலும் வரும். ஓயாமல் ஓடவேண்டிய ஒன்றையும் நின்று நின்று போகவேண்டிய ஒன்றையும் ஒரே அச்சில் கோத்துத்தான் மோட்டார் கார் செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு வட்டத் தகடு உட்கார்ந்து இருவர் சொல்வதையும் கேட்டுக்கொள்கிறது. கிளட்ச் பிளேட் என்பது அதுதான்.

இணைப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை என்று ஐடிஐ பாடப்புத்தகத்தில் இருக்கும். அதற்கு ஒரு கொக்கி போதுமே. ஓடுகிற எஞ்சினையும் நிற்கிற சக்கரத்தையும் ஒரு கணத்தில் கொக்கி போட்டு மாட்டினால் எஞ்சின் அணையும், இல்லையென்றால் ஏதாவது முறியும். இணைந்தது பாதி, இணையாதது பாதி என்று இருக்கிற அந்த ஓரிரு நொடிகளில், நழுவிக்கொண்டே இழுக்கிறதே, அதற்காகத்தான் இந்தத் தகடு. டிரைவிங் ஸ்கூலில் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே காதில் விழுகிற முதல் வாக்கியம் ‘கிளட்ச்ச மெதுவா விடுங்க’ என்பதாகத்தான் இருக்கும். வண்டி ஓட்டக் கற்பது என்பது முதலில் நழுவவிடக் கற்பதுதான்.

நழுவவேண்டிய நேரத்தில் நழுவுவது அதன் திறமை. நழுவக்கூடாத நேரத்தில் நழுவ ஆரம்பித்தால் ஆயுள் முடிந்தது. என்னிடம் இருப்பது பழைய மாருதி எஸ்டீம். 1,298 சிசி, பதினாறு வால்வு, கம்பெனியிலிருந்து வந்தபோது 85 குதிரைத்திறன். முன்பு வைத்திருந்தவர் கேம்ஷாஃப்டை மாற்றி, எக்ஸாஸ்ட்டை அகலப்படுத்தி, கம்பெனி நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக அதனிடம் வேலை வாங்கியிருந்தார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கூடுதல் தெரியும். அதே வளைவுகளில்தான் கிளட்சின் பலவீனமும் தெரிந்தது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை உள்ளே வருகிறது.

இந்த நிலையில் ஒருவர் முதலில் பார்க்கவேண்டியது பிளேட்டை அல்ல, கேபிளை. எஸ்டீமில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. பிளேட் தேயத் தேயப் பெடலின் மேல்முனையில் இருக்கவேண்டிய ஓரிரு சென்டிமீட்டர் பிளே குறைந்துகொண்டே வரும். அதைச் சரிசெய்யாமல் விட்டால், காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்கூட நழுவும். கேபிளில் பிளே இருந்தது. ஆகவே இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்குவது என்று ஆனபின், பழைய அளவிலேயே புதிய கிளட்ச் செட் போடுவதா, எஞ்சினின் கூடுதல் பலத்துக்கு ஏற்ற பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் போடுவதா என்பது அடுத்த கேள்வி. அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருந்தது: எந்த பெர்ஃபார்மன்ஸ்?

வீட்டுப் போர்ட்டிகோவில் விரித்த செய்தித்தாளின் மேல் இரண்டு பிளேட்டுகள் கிடந்தன. முதலாவது பார்வைக்குச் சாதாரணமானது. பழுப்பு நிற ஆர்கானிக் லைனிங் இரண்டு பக்கமும் முழு வட்டமாக ஓடுகிறது. நடுவில் ஹப்பைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகச் சுருள் ஸ்பிரிங்குகள். லைனிங்கின் விளிம்பை விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்தினால் ஒரு மெல்லிய நெகிழ்வு தட்டுப்படும். இரண்டு லைனிங்குகளுக்கும் நடுவே அலையலையாக வளைத்த எஃகுத் தகடுகள் இருக்கின்றன. எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலைப் பிளேட் முதலில் தொடும்போது அவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அமுங்கும். ‘மெதுவா விடுங்க’ என்று சொல்லிக்கொடுத்த வித்தையில் பாதியை அந்த அலைகள்தான் செய்கின்றன. இதனுடன் வந்த, பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், கம்பெனியினுடையதைவிடக் கெட்டியான டயஃப்ரம் ஸ்பிரிங் கொண்டது.

இரண்டாவது, ரேஸ் ஓட்டும் நண்பர் ஒருவர் கொடுத்தது. பட்டன் பிளேட். முழு வட்டம் கிடையாது. நட்சத்திரம்போல் வெட்டிய எஃகில் ஆறு கால்கள், ஒவ்வொரு காலின் நுனியிலும் உலோகத்தூளும் செராமிக்கும் சேர்த்துச் சுட்டெடுத்த ஒரு சதுரப் பொத்தான். நடுவில் ஸ்பிரிங் இல்லை. ஹப்பும் தகடும் ஒரே துண்டாக ரிவெட் அடிக்கப்பட்டவை. விளிம்பை அழுத்தினால் எதுவும் அசையவில்லை. நம் ஊர் லாரிக்காரர்களுக்கும் டிராக்டர்காரர்களுக்கும் பட்டன் பிளேட் புதிதல்ல. பாரத்துக்கு அது தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். காருக்குள் அது வருவது பந்தயத்தின் வழியாகத்தான்.

சந்தையில் இவற்றை ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று வரிசைப்படுத்துகிறார்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஏறிப்போவதாக ஒரு மயக்கம். ஆளுக்கு ஆள் அளவு வேறு; ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 1 ஆக இருக்கும். ஆனால் இளைஞர்களின் பேச்சில் எண் பெரிதானால் வண்டி பெரிது. இந்த ஏணியைக் கீழே இறக்கிவைத்துவிட்டுக் கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பிளேட்டை அழுத்தும் விசை, உராய்வுக் கெழு, லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசை தாங்கும் என்பது வந்துவிடும். உதாரணத்துக்கு, அழுத்தம் 4,000 நியூட்டன், கெழு 0.3, ஆரம் 8 செ.மீ., முகங்கள் 2 என்றால் விடை 192 நியூட்டன் மீட்டர். அழுத்தத்தை 5,200 ஆக்கினால் ஏறக்குறைய 250. அழுத்தத்தைத் தொடாமல் கெழுவை 0.4 ஆக்கினால் 256. எந்த வழியில் போனாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்தப் பெருக்கலில் பரப்பளவு எங்குமே இல்லை என்பதுதான் வியப்பு. உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல, அழுத்தும் சுமையைப் பொறுத்தது என்று 1699இல் கியோம் அமோந்தோன் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் சொன்னார். அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் அதை எழுதி வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார். பிற்பாடு கூலும் என்பவர் அதை விரிவாகச் சோதித்தார். முழு வட்டத்தைவிட ஆறே ஆறு பொத்தான்கள் எப்படிக் கூடுதலாகப் பிடிக்கும் என்று பட்டன் பிளேட்டைக் கையில் எடுக்கிற யாருக்கும் தோன்றும். பரப்பு குறைந்தால் அதே சுமை குறைந்த இடத்தில் கூடுதலாக அழுத்துகிறது, அவ்வளவுதான். பிடி குறைவதில்லை; கூடுவது பொத்தான்களின் கெழுவால். பரப்பு குறைவதன் விலை வேறு இடத்தில் தெரியும்: சூடு சிறிய இடத்தில் குவியும், பொத்தான்கள் ஃபிளைவீலைச் சுரண்டும்.

ஆக, பிடியைக் கூட்ட நான்கு வழிகள். நான்குக்கும் விலை உண்டு. அழுத்தத்தைக் கூட்டினால் அதை ஒவ்வொரு முறையும் எதிர்த்து மிதிக்கவேண்டியது இடது கால். கூடவே கேபிளும், ஃபோர்க்கும், கிராங்க் ஷாஃப்டை முன்னும் பின்னும் அசையாமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் அந்தச் சுமையை வாங்குகின்றன. கெழுவைக் கூட்டினால் வண்டி கிளம்பும்போது உதறும். ஆரத்தைக் கூட்ட, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் இடமில்லை. இருந்தாலும், பெரிய பிளேட் சுழல்வதை நிறுத்தக் கியர்பாக்ஸின் சின்க்ரோ ரிங் கூடுதலாகத் தேயவேண்டும். முகங்களைக் கூட்டி இரண்டு மூன்று பிளேட்டுகளாக அடுக்கினால் காசு கரியாகும். எஃப்1 கார்களில் இந்தக் கடைசி வழியைத்தான் எடுத்திருக்கிறார்கள்: 100 மில்லிமீட்டரைத் தொடாத விட்டத்தில் அடுக்கடுக்கான கார்பன் பிளேட்டுகள். அங்கேயும் பந்தயம் தொடங்குகிற நொடியில் ஓட்டுநர் அதை நழுவவிட்டுத்தான் கிளம்புகிறார். நழுவல் கூடினால் பின்னால் வருகிறவர் முந்துவார். குறைந்தால் டயர் வெறுமனே சுற்றும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்து, இப்போது மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் உதவிக்கு வந்தார். உதவி என்பது என் பக்கத்துக் கணக்கு. வேலை அவருடையது, கைகொடுத்தவன் நான். ‘ஏந் தம்பி, பட்டறையில விட்டா ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துருவானுங்க பசங்க. கூலியும் பெருசா ஆகாது’ என்றார் முதலில். உண்மைதான். வீட்டில் காரைப் பிரித்துப் போடும் பழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்ததற்குக் கராஜ் உள்ள வீடுகளும் எட்டாத லேபர் கட்டணமும் முக்கியமான காரணங்கள். நம் ஊரில் அந்தக் காரணங்கள் இல்லை. இங்கே கிரீஸ் படிந்த கை என்பது தொழில்காரரின் அடையாளம். சம்பளம் வாங்கும் ஒருவர் காருக்கு அடியில் படுத்திருந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று, என்ன கஷ்டமோ என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பணம் மிச்சமாகும் என்று இதைச் செய்ய முடியாது. பிரேக் பேடைச் சக்கரத்தின் இடுக்கில் எட்டிப் பார்க்கலாம், டயரைத் தொட்டுப் பார்க்கலாம். கிளட்ச் மட்டும் தன் ஆயுள் முழுவதும் இருட்டில் தேய்கிறது. கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் காரணம்.

‘ஜாக்கிய நம்பி அடியில போயிராதீங்க’ என்பது அவருடைய முதல் கட்டளை. நான்கு ஸ்டாண்டுகளின் மேல் வண்டி ஏறிய பிறகே மற்றதெல்லாம். பேட்டரியும் அதன் தட்டும் வெளியே வந்தன. கேபிள், ஸ்பீடோமீட்டர் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ராடு ஒவ்வொன்றாகக் கழன்றன. கியர் ஆயிலை வடித்தோம். முன்சக்கரங்களைக் கழற்றி, பால் ஜாயின்ட்டை விடுவித்து, இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டுகளையும் லீவர் போட்டு உருவினார். எஞ்சினை மேலிருந்து பிடித்துக்கொள்ள, இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து ஒரு கனமான இரும்புக் குழாயும் சங்கிலியும். கடைசியாகப் பெல் ஹவுசிங் போல்ட்டுகள். கியர்பாக்ஸ் ஒரு ஆள் மார்பில் தாங்கக்கூடிய கனம்தான், ஆனால் தாங்கக்கூடாதது. பலகை கட்டிய டிராலி ஜாக்கியின் மேல் அதை உட்காரவைத்துப் பின்வாங்கியபோது, இன்புட் ஷாஃப்ட் பிளேட்டின் பற்களிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் ஃபிளைவீல் முகம் காட்டியது. சாம்பல் நிற வார்ப்பிரும்பின் மேல் ஆங்காங்கே நீலம் பாய்ந்த திட்டுகள். நழுவிய ஒவ்வொரு ஏற்றமும் அதில் பதிவாகியிருந்தது. திட்டுகளைச் சுற்றி மயிரிழைபோல் வெடிப்புகள். நகத்தால் வருடினால் தட்டுப்படவில்லை, சாய்த்துப் பிடித்தால் தெரிந்தன. அந்த இடங்களில் இரும்பின் தன்மையே மாறி மற்ற இடங்களைவிடக் கடினமாகியிருக்கும்; அதன் மேல் புதிய பிளேட்டை வைத்தால் பிடிப்பு ஒரே சீராக இருக்காது. ஃபிளைவீலை இறக்கி முகத்தைச் சீவ வேண்டும். கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? இருந்தாலும் லேத்தில் கடைவதைவிடக் கிரைண்டிங் நல்லது என்றார் அண்ணன். கடினமான திட்டின் மேல் லேத் டூல் எகிறிப்போகும், அங்கே மேடு நிற்கும். கிரைண்டிங் கல் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகவே எடுக்கும். நீலம் போகிற அளவுக்கு மட்டும் எடுக்கச் சொன்னார். அதற்கு மேல் எடுப்பது ஃபிளைவீலின் ஆயுளை எடுப்பது.

பழைய பிளேட்டிலிருந்து உதிர்ந்த தூள் பெல் ஹவுசிங் முழுக்கக் கறுப்பாக அப்பியிருந்தது. பட்டறைகளில் இதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவார்கள். நாங்கள் ஈரத்துணியால் துடைத்தோம். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. தொடக்க காலக் கார்களில் கூம்பு வடிவக் கிளட்சின் மேல் தோல் போர்த்தியிருந்தார்கள். தோல் காய்ந்தால் வண்டி துள்ளும், விளக்கெண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் கூடினால் நழுவும், களிமண் பொடி தூவுவார்கள். இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் சரிவில் இறங்கும்போது மரப் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டிவைப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். அதிலிருந்து உராய்வுக்கென்றே தனியாக ஒரு பொருளைச் செய்யலாம் என்ற யோசனை பிறந்தது. 1897இல் அவர் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் இன்றும் பெயர்பெற்றது. அந்தப் பொருளின் துணியும் பிசினும் சூட்டில் கருகியதால் அடுத்த கட்டமாக ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூட்டைத் தாங்குவதில் அதற்கு நிகர் இல்லை. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வருவதும் இல்லை. பிரிட்டன் 1999இல் அதை முற்றிலும் தடைசெய்தது. இந்தியாவில் இன்றுவரை முழுத் தடை இல்லை. பழைய பிளேட்டில் என்ன கலந்திருந்தது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. சூட்டைத் தாங்கும் பிளேட்டுக்காக எத்தனையோ பட்டறைப் பையன்களின் மூச்சு தேய்ந்திருக்கிறது. கிளட்சின் பிடியைக் கூட்டிய கணக்கில் இந்த விலையை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஃபிளைவீல் கிரைண்டிங்கிலிருந்து திரும்பிய பிறகு, எந்தப் பிளேட் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. அண்ணன் பட்டன் பிளேட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘ஏனுங் தம்பி, இத மாட்டுனா எங்க ஓட்டப் போறீங்க?’

‘வால்பாறைக்குத்தானுங்ணா. அப்புறம் ஆபீசுக்கு.’

‘ஆபீசுக்கா? காந்திபுரம் சிக்னல்ல இது உங்களப் பாடாப் படுத்திருமுங்க. நாம வண்டி ஓட்டறமா, வண்டி நம்மள ஓட்டுதான்னு தெரியாது.’

அவர் சொல்வது பயத்தில் சொல்வதல்ல. கோவை, பந்தயத்தை அறியாத ஊர் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே இங்கிருந்து வண்டிகள் போயிருக்கின்றன. மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில் ஃபார்முலா பந்தயத்தைக் கொண்டுவந்த கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இன்று ஒரு பந்தயத்தடம் இருக்கிறது. 2005இல் எஃப்1இல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இங்கேதான் வளர்ந்தார். அண்ணனே இளவயதில் ரேஸ் வண்டிகளில் கைவைத்தவர். அங்கே பட்டன் பிளேட்டுக்கு நியாயம் உண்டு. பந்தயக் கார் ஒரு முறை கிளம்பும். பிறகு கொடி விழும்வரை நிற்பதில்லை. அதற்கு நழுவல் என்பது ஒரே ஒருதரம் கட்டவேண்டிய வரி. காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகிற காருக்கு அது ஒவ்வொரு பத்தடிக்கும் கட்டவேண்டிய வரி.

வரி என்று சொல்வது இடக்குக்காக இல்லை. இயற்பியலில் இதற்குத் திட்டமான கணக்கு இருக்கிறது. சமதளத்தில் எஞ்சின் வேகத்தை மாறாமல் வைத்துக்கொண்டு நின்ற காரைக் கிளட்சால் இழுத்தெடுத்தால், காருக்குள் எவ்வளவு இயக்க ஆற்றல் போகிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாகப் போகிறது. பாதிக்குப் பாதி. 1,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது ஏறக்குறைய 8,700 ஜூல் அதன் ஓட்டத்தில் சேர்கிறது. இன்னொரு 8,700 ஜூல் ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் சூடாக்குகிறது. இதில் பிளேட் ஆர்கானிக்கா செராமிக்கா என்ற பேதம் கிடையாது. வெடுக்கென்று பிடித்தாலும் வழுக்கிப் பிடித்தாலும் மொத்தச் சூடு ஒன்றுதான். கால அளவுதான் மாறும். பிடி கூடிய கிளட்ச் நழுவலின் செலவைக் குறைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றம் தரும். ஏற்றத்தில் மட்டும் கதை மாறும். அங்கே நழுவல் நீள நீளச் சூடும் ஏறிக்கொண்டே போகும். ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துகிற பழக்கம் பிளேட்டைக் கொல்வது அதனால்தான்.

கெழு கூடிய பொருள்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒட்டி நிற்கும்போது இருக்கும் உராய்வு, வழுக்கும்போது சட்டென்று குறைந்துவிட்டால், பிளேட் பிடித்து விட்டு, பிடித்து விட்டுத் துடிக்கும். வயலின் தந்தியில் வில் இழுபடும்போது நடப்பதும் இதுவே. அங்கே அது இசை, இங்கே பெட்ரோல் டேங்கு வரை உதறல். பட்டன் பிளேட்டில் அந்த உதறலை விழுங்க அலைத்தகடும் இல்லை, ஹப் ஸ்பிரிங்கும் இல்லை. ஆகவே அது நேராக அடுத்த பாகத்துக்குப் போகும்: கியரின் பல், டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட், எஞ்சின் மவுன்ட்டிங் ரப்பர். பிளேட் ஜெயித்துவிடும். தோற்பது வேறு யாரோ.

ஆர்கானிக் பிளேட்டையும் கெட்டியான பிரஷர் பிளேட்டையும் எடுத்தோம். அதாவது நான்கு வழிகளில் அழுத்தத்தை மட்டும் தொட்டு, விலையை என் இடது காலின் பேரில் எழுதிக்கொண்டோம். பட்டன் பிளேட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தவரிடமே அனுப்பியாயிற்று.

மாட்டுவது இறக்குவதைவிட நுணுக்கமான வேலை. ஃபிளைவீலின் புதிய முகத்தைத் தின்னரால் துடைத்தபின் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்கூட லைனிங்குக்கு ஆகாது. திறந்தது திறந்தாயிற்று என்று கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றினார். சில நூறு ரூபாய்ச் சீல் பின்னால் கசிந்தால் இத்தனை வேலையும் மறுபடி. இன்புட் ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் வைத்தது, வைத்தோம் என்று சொல்லவே கூச்சப்படுகிற அளவு. கூட வைத்தால் சுழற்சியில் தெறித்து லைனிங்கின் மேல் விழும். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்கவேண்டும் என்பது ஹப்பின் மேல் பொறித்திருக்கும். ஸ்பிரிங் கூடு துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கவேண்டும்.

அதன்பின் நடுவாக்குதல். பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் கையால் முடுக்கிய நிலையில் கிளட்ச் பிளேட் இடையில் தொளதொளவென்று நகரும். இறுக்கிவிட்டால் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேயே மாட்டிக்கொள்ளும். நடு கொஞ்சம் தவறினாலும் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் உள்ளே போகாது. கிட்டுடன் ஒரு பிளாஸ்டிக் அலைன்மென்ட் கம்பி வந்திருந்தது. அண்ணன் அதைச் செருகினார், பிறகு ஒற்றைக் கண்ணை மூடி, துளையின் வழியே பார்த்து, ஆள்காட்டி விரலை விளிம்பைச் சுற்றி ஓட்டினார். ‘ஒரு மயிரிழை கீழ இறங்கியிருக்குது’ என்று கம்பியை லேசாகத் தூக்கிப்பிடித்துக்கொண்டு என்னை முடுக்கச் சொன்னார். எதிரெதிர் போல்ட்டுகளாக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று. கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச். குறித்த அளவு வந்ததும் ‘டக்’கென்று சத்தமிட்டுக் கையை விட்டுக்கொடுக்கிறது அந்தக் கருவி. அவர் அதை வாங்கி வைத்துவிட்டு, முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் சாதாரண ஸ்பானரால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பல வருஷத்துக் கைக்கும் கருவிக்கும் கணக்கு ஒத்துப்போனது. கியர்பாக்ஸ் முதல் தள்ளலிலேயே உள்ளே போய் உட்கார்ந்தது.

பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் வாங்குகிற எல்லோருக்கும் பெட்டிக்குள் ஒரு நிபந்தனைத் தாள் காத்திருக்கும்: முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் நின்று நின்று ஓட்டவேண்டும், முழு ஆக்சிலேட்டர் கூடாது. மிதித்து ஓட்டுவதற்காக வாங்கியதை முதலில் மிதமாக ஓட்டச் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. புதிய லைனிங்கும் புதிதாகச் சீவிய ஃபிளைவீலும் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் மேடுகளில் மட்டும்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. சிறு சிறு நழுவல்களில் அந்த மேடுகள் தேய்ந்து முகம் முழுக்கப் படியவேண்டும். அதற்கு முன் அழுத்தினால் தொடுகிற மேடுகள் வெந்து லைனிங் பளபளவென்று கண்ணாடியாகிவிடும். கடையில் வாங்கும்போது பிடி முழுமையாகக் கிடைப்பதில்லை. மிச்சத்தை நழுவவிட்டுத்தான் சம்பாதிக்கவேண்டும்.

பெடல் கனத்துவிட்டது. உண்மையில் பழைய பெடலும் கடைசிக் காலத்தில் கனத்துத்தான் இருந்தது, அது வேறு காரணம். டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விசை, வளையும் அளவோடு நேராக ஏறுவதில்லை. ஓர் இடம்வரை ஏறி, பிறகு இறங்கும். பிளேட் தேயும்போது ஸ்பிரிங் அந்த மேட்டை நோக்கி நகர்வதால் அழுத்தம் முதலில் கொஞ்சம் கூடுகிறது. பழைய சுருள் ஸ்பிரிங் கிளட்சுகளில் தேயத் தேய அழுத்தம் குறையும். இதில் தேய்மானமே சற்றுத் தூரம்வரை பிடியைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. தேய்வு வரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதையே துணைக்கு வைத்துக்கொள்ளும் இந்த அமைப்பைப்போல் ஒன்றை நம் அலுவலகங்களிலோ குடும்பங்களிலோ காண்பது அரிது. அங்கெல்லாம் முதல் தேய்விலேயே பிடி தளர்கிறது, அல்லது எதுவும் தேயவே கூடாது என்று விறைத்து நின்று, ஒரு நாள் முறிகிறது.

இந்த வித்தையெல்லாம் இன்னும் எத்தனை காலம் தேவைப்படும் என்பது தெரிந்த கதைதான். 2014இல் மாருதியின் செலெரியோ வந்ததிலிருந்து சிறிய கார்களிலும் கிளட்ச் பெடல் காணாமல் போகத் தொடங்கிவிட்டது. உள்ளே கிளட்ச் இருக்கிறது, அதை மிதிப்பது ஓர் இயந்திரக் கை. மின்சாரக் காரில் அதுவும் வேண்டாம். மின்மோட்டாருக்கு நிற்கவும் தெரியும், நின்ற இடத்திலிருந்தே முழு விசையோடு இழுக்கவும் தெரியும். நடுவில் யாரும் நழுவிக் கொடுக்கவேண்டியதில்லை. அங்கேயும் தேய்வு ஒழிந்துவிடவில்லை, டயருக்கு மாறிவிட்டது.

எஸ்டீம் இப்போது மூன்றாவது கியரில் வளைவிலிருந்து எழும்போது முள்ளும் வண்டியும் சேர்ந்தே ஏறுகின்றன. கிளட்சைப் பலப்படுத்தியாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த வேலையில் கைவைத்த யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள். எஞ்சினிலிருந்து சக்கரம்வரை போகும் சங்கிலியில் எங்கேயாவது ஒரு கண்ணி மற்றவற்றைவிட மெலிந்து இருந்தே தீரும். காசு கொடுத்து அந்த மெலிவை அழிக்க முடியாது, அதன் இடத்தைத்தான் மாற்ற முடியும். பட்டன் பிளேட் போட்டிருந்தால் அது கியர்பாக்ஸுக்குள் போயிருக்கும். அங்கே ஒரு பல் முறிந்தால் உதிரிபாகம் தேடிக் காயலான் கடை காயலான் கடையாக அலையவேண்டும். எஸ்டீம் தயாரிப்பு 2007இலேயே நின்றுவிட்டது. கிளட்ச் பிளேட் இன்றும் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும், மாற்றத் தெரிந்த கைகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாற்றக்கூடியது முதலில் தேயட்டும், மாற்றமுடியாதது கடைசியில் தேயட்டும். கிளட்ச் தேர்ந்தெடுப்பதில் இதற்கு மேல் ஞானம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.